காக்பிட் நிழற்கூரை: பழைய சட்டத்தைத் திருத்துவதா, புதிதாகக் கட்டுவதா?

சுமார் 10 மீட்டர் நீளம், ஃபைபர்கிளாஸ் உடல், ஒற்றைப் பாய்மரம், ஐந்தரை டன் எடை. மலேசியாவின் லங்காவித் தீவில், மரினா எனப்படும் படகுத்துறைகளிலும் நங்கூரத் துறைகளிலும் நிற்கும் பயணப் படகுகளில் இந்த அளவுள்ளவை ஏராளம். அவற்றில் சுக்கானைப் பிடிப்பவர் இருக்கும் திறந்த பள்ளமான காக்பிட்டுக்கு மேலே பிமினி எனப்படும் மடக்குக் கூரை ஒன்று இருக்கும். 22 மில்லிமீட்டர் குழாயில் வளைத்த இரண்டு அல்லது மூன்று வளைவுகள், அவற்றை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் நாடாக்கள், நைலான் இணைப்புகள், மேலே ஓர் அக்ரிலிக் துணி என்பதே அதன் அமைப்பு. ஐரோப்பியக் கோடையில் வார இறுதிகளில் விரித்து மடக்குவதற்கு அது போதும். ஆண்டு முழுவதும் விரித்தபடியே நிற்க வேண்டிய வெப்பமண்டலக் கடலில், சூரியத் தகட்டையும் சுமந்து, படகில் ஏறுகிறவர்களின் கைப்பிடியாகவும் பயன்பட்டு, அதிகாலைப் புயற்காற்றையும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் அது தள்ளாடத் தொடங்கும்.

அப்போது உரிமையாளர் முன் நான்கு வழிகள் உள்ளன. இருக்கும் சட்டத்தையே முட்டுக்கொடுத்து இறுக்கலாம். பருமனான ஸ்டெயின்லெஸ் குழாயில் மடங்காத புதுச் சட்டம் கட்டலாம். அதே வேலையை அலுமினியத்தில் செய்யலாம். அல்லது துணியையே கைவிட்டு, ஃபைபர்கிளாஸ் பலகையைக் குழாய்கள்மேல் அமர்த்தி நிரந்தரக் கூரையாக்கலாம். பெரும்பாலான உரிமையாளர்கள் நேராக இரண்டாவது வழிக்குப் போய், பணத்தைப் பருமனான குழாயில் செலவிடுகிறார்கள். சட்டத்தின் உறுதி குழாயின் பருமனைவிட, முட்டுகள் அமையும் கோணத்தையும் கால்கள் டெக் எனும் மேல்தளத்தில் பதியும் விதத்தையும் சார்ந்தது என்பதே என் கணிப்பு. ஆகவே நான்கு வழிகளையும் அந்த அளவுகோலால் பார்ப்பது நல்லது.

கூரை எதைத் தாங்க வேண்டும்

காற்றிலிருந்து தொடங்கலாம். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள கூரையின் பரப்பு 4 சதுர மீட்டர். 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 நியூட்டன். 40 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 74 கிலோமீட்டரில், அது 260 நியூட்டன். வேகம் இரட்டிக்கும்போது அழுத்தம் நான்கு மடங்காகிறது என்பதால்தான், அன்றாடக் காற்றில் அமைதியாக நிற்கும் கூரை ஒரே இரவில் பிய்ந்துபோகிறது. 40 நாட் காற்று துணியின் அடியில் புகுந்து முழு அழுத்தத்தையும் காட்டினால், சட்டத்தை மேல்நோக்கித் தூக்கும் விசை நூறு கிலோ எடையைத் தாண்டும். லங்காவியை ஒட்டிய மலாக்கா நீரிணையில் இது அரிய நிகழ்வன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் சுமத்ராவின் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்துவரும் இடிமழை வரிசைகள், பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து முற்பகலுக்குள், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேக வீச்சுகளைக் கொண்டுவருகின்றன. அந்த நேரத்தில் படகில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார். மடக்குக் கூரையை மடக்க அவருக்கு அவகாசம் கிடைக்காது. மடக்க முடியும் என்பதே பழைய சட்டத்தின் பாதுகாப்பு என்றால், இவ்வூரில் அந்தப் பாதுகாப்பு பாதி நாட்களுக்கு ஏட்டளவில்தான் இருக்கிறது.

அடுத்த சுமை மனிதக் கை. சட்டம் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும்வரை, அதைப் பிடிக்காதீர்கள் என்று விருந்தினரிடம் எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை; படகு உருளும்போது கை தானாகவே அங்கே போகும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் தடுமாறித் தன் எடையில் பாதியையேனும் பக்கவாட்டில் சட்டத்தின்மேல் போடுவார் என்று கொண்டே வடிவமைக்க வேண்டும். இந்தப் பக்கவாட்டுச் சுமைதான் மடக்குச் சட்டத்தின் பலவீனமான திசை.

சூரியத் தகடு மூன்றாவது. 200 வாட் திறனுள்ள, அலுமினிய விளிம்பும் கண்ணாடியும் கொண்ட தகடு ஒன்று 10 முதல் 12 கிலோ இருக்கும். எடையைவிட, அது ஒரு சதுர மீட்டர் விறைப்பான பரப்பைக் காற்றுக்குக் காட்டுகிறது என்பதே பெரிய செய்தி. மழைநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொய்ந்த துணியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் நீர் தேங்கினாலே 10 கிலோ.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

சட்டம் ஏன் ஆடுகிறது என்று பார்க்காமல் குழாயை மாற்றுவது வீண்செலவில் முடியும். முன்பின் ஆட்டத்தை நாடாக்கள் தடுக்க வேண்டும். ஆனால் நாடா இழுவையை மட்டுமே தாங்கும், தள்ளுதலைத் தாங்காது. முன்நாடா இறுகும்போது பின்நாடா தளர்கிறது, அலை மாறியதும் எதிராக நடக்கிறது, இந்தச் சிறு உதறல் ஒவ்வொன்றும் அடிக்கீலின் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குகிறது. நைலான் இணைப்புகள் வெயிலில் நொறுங்கும் தன்மை அடைவதும், அவற்றின் சிறு திருகுகள் தளர்வதும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு நாடாவால் செய்யக்கூடியது ஏதுமில்லை. அங்கே ஒவ்வொரு வளைவும் வாசற்சட்டம்போல, இரு கால்களும் ஒரு குறுக்குக் குழாயுமாக நின்று எதிர்க்க வேண்டும். குறுக்குக் குழாய் வளையாது என்று வைத்துக்கொண்டால், அடியில் அசையாமல் பற்றப்பட்ட கால், அடியில் தளர்ந்து சுழலும் காலைவிட நான்கு மடங்கு விறைப்பாக நிற்கும். காலின் கட்டற்ற நீளம் இன்னும் முக்கியம். விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. காக்பிட்டின் பக்கத்திட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் எழும் காலை, அரை மீட்டர் உயரத்தில் உறுதியான ஏதேனும் ஒன்றோடு பிணைத்து, கட்டற்ற நீளத்தை ஒரு மீட்டராகக் குறைத்தால், விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் உயர்கிறது.

இதோடு குழாயை மாற்றுவதால் கிடைப்பதை ஒப்பிட வேண்டும். 22 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 1.2 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாயை, அதே சுவருள்ள 25 மில்லிமீட்டர் குழாயாக மாற்றினால் விறைப்பு ஒன்றரை மடங்காகும். சுவரையும் 1.65 மில்லிமீட்டராக்கினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 32 மில்லிமீட்டர் விட்டத்துக்கே போனால் நான்கு மடங்கு. அதாவது, சட்டத்தையே தூக்கியெறிந்து 32 மில்லிமீட்டர் குழாயில் புதிதாகக் கட்டினால் கிடைக்கும் ஆதாயத்தின் பெரும்பகுதியை, சரியான இடத்தில் வைத்த ஒரு கிளாம்ப், அதாவது குழாய்களைப் பிணைக்கும் பிடிப்பூட்டு, தந்துவிடுகிறது.

முதல் வழி: இருப்பதை இறுக்குதல்

நான்கில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது இதுதான். நான் நீண்ட நேரம் நிற்க விரும்புவதும் இதில்தான். முதல் வேலை, நாடாக்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முட்டுக்குழாய்களை வைப்பது. முதன்மை வளைவின் தோளிலிருந்து பின்னோக்கி டெக்கில் இறங்கும் ஒரு சாய்முட்டு, ஒவ்வொரு பக்கமும் முக்கோணத்தை முழுமையாக்கிவிடும். அந்த முட்டு இழுவையையும் தாங்கும், தள்ளுதலையும் தாங்கும். முட்டுக்கும் டெக்குக்கும் இடையிலான கோணம் 45 பாகைக்கு அருகில் இருந்தால் நல்லது. இடம் போதாமல் முட்டு ஏறக்குறைய நிமிர்ந்து நின்றால் அது இன்னொரு காலாக மட்டுமே வேலை செய்யும், முன்பின் ஆட்டத்தைக் குறைக்காது.

இரண்டாவது வேலை, வளைவுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நீளவாட்டுக் குழாய்கள். துணியின் இழுவிசையால் மட்டும் விலகி நிற்கும் வளைவுகள், துணி தளர்ந்ததும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன. இரு பக்கமும் ஒவ்வொரு குழாயைக் கிளாம்ப் மூலம் பூட்டினால் கூரை ஒரே தளமாகிறது. நாளை மெல்லிய சூரியத் தகடு ஒன்றைப் பொருத்த நேர்ந்தால் அதற்கு இடமும் கிடைக்கிறது. மூன்றாவது, வளைவின் மேல்மூலைகளில் முப்பது நாற்பது சென்டிமீட்டர் நீளத்தில் சிறு மூலைமுட்டுகள். இவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைப்பதோடு, கை தேடிப்போகும் இடத்திலேயே நல்ல பிடியாகவும் அமைகின்றன. நான்காவது, மேலே சொன்ன கிளாம்ப்: பின்வளைவின் கால்களைப் புஷ்பிட் எனப்படும் பின்புறக் கைப்பிடி வேலியோடு பிணைப்பது. அந்த வேலியின் அடித்தகடுகள் டெக்கில் அசையாமல் இருக்கின்றனவா என்பதை முதலில் கையால் உலுக்கிப் பார்க்க வேண்டும். ஆடும் வேலியோடு ஆடும் கூரையைக் கட்டினால், டெக்கின் துளைகள் வழியே நீர் இறங்கத் தொடங்கும்.

குழாய் பலவீனமாகத் தோன்றும் நேர்ப்பகுதிகளுக்கு ஒரு பழைய வழி உண்டு. 22 மில்லிமீட்டர் குழாயின் உள்விட்டம் 20 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 19 மில்லிமீட்டர் குழாய் அதற்குள் நழுவிப் புகும். கால்களின் நேர்ப்பகுதியில் இப்படி உட்குழாய் செருகினால் அவ்விடத்தின் விறைப்பு சுமார் 60 விழுக்காடு கூடுகிறது. வளைவுகளுக்குள் அது திரும்பாது என்பதால் மேல்மூலைகளுக்கு உதவாது. உட்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடையே உப்புநீர் தேங்கினால் ஸ்டெயின்லெஸும் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். ஆகவே செருகும்போதே எபாக்சிப் பிசின் பூசிச் செருகி, அடியில் ஒரு வடிகால் துளை விட வேண்டும்.

நைலான் இணைப்புகள் அனைத்தையும் 316 தர ஸ்டெயின்லெஸ் இணைப்புகளாக மாற்றுவதும், திருகுகள் தளராமலிருக்க நீல லாக்டைட் பசை போடுவதும் சொல்லாமலே விளங்கும். முட்டுகளின் ஒரு முனையில் திருகுக்குப் பதில் சட்டென்று உருவக்கூடிய ஊசிப்பூட்டைப் பொருத்தினால், நீளவாட்டுக் குழாய்களையும் கழற்றிய பிறகு, தேவைப்படும் நாளில் சட்டத்தைப் பழையபடி மடக்கலாம். இவ்வேலைகளுக்கு வெல்டிங் தேவையில்லை. இரும்பறுக்கும் ரம்பம், அரம், துளைக்கருவி, கொஞ்சம் பொறுமை போதும். செலவும் நான்கில் மிகக் குறைவு.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். கிளாம்ப் பூட்டுகள் எத்தனை நல்லவையாயினும் வெல்டிங்கின் உறுதியைத் தருவதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் அவற்றை முடுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள 100 வாட் மெல்லிய தகடுகள் இரண்டைச் சட்டம் எளிதாகத் தாங்கும். கண்ணாடித் தகடுகளைப் பொருத்தவோ, பாயைக் கட்டுவதற்காக மேலே முழங்கால் ஊன்றவோ இது ஏற்றதன்று.

இரண்டாவது வழி: 25 மில்லிமீட்டரில் வெல்டிங் சட்டம்

மடங்கும் தேவையைக் கைவிட்டால் வடிவமைப்பு எளிதாகிறது. நான்கு கால்களும் அகன்ற அடித்தகடுகளில் வெல்டிங் செய்யப்பட்டு, தகடுகள் டெக்கில் போல்ட் செய்யப்படுகின்றன. மேலே மூன்று வளைவுகள், இரண்டு நீளவாட்டுக் குழாய்கள், சாய்முட்டுகள். மொத்தம் 24 மீட்டர் குழாய் போகும் என்று கொண்டால், 25 மில்லிமீட்டர் விட்டமும் 1.65 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாயில் சட்டத்தின் எடை சுமார் 24 கிலோ. இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சுமக்க இது தாராளமாகப் போதும். பின்முனையில் சிறுபடகைத் தூக்கிக் கட்டும் கைகளையும் சேர்க்க விரும்புகிறவர்கள் மட்டும், பின்கால்களை 32 மில்லிமீட்டராக்குவது பொருந்தும். கூரை முழுவதையும் 32 மில்லிமீட்டரில் கட்டிய 10 மீட்டர் படகுகள் கண்ணுக்குக் கனமாகத் தெரிகின்றன. குழாயைப் பிடிக்கும் கைக்கும் 25 மில்லிமீட்டரே இதம்.

உலோகத்தின் தரத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வீட்டு மாடிப்படிக் கைப்பிடி செய்யும் பட்டறைகள் வழக்கமாகக் கையாள்வது 304 தரம். உப்புக்காற்றில் சில மாதங்களிலேயே அது தேநீர்க்கறை நிறத்தில் பழுப்பேறும். 316 தரத்தில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் குளோரைடின் அரிப்பை அது கூடுதலாக எதிர்க்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆலைச் சான்றிதழைக் கேட்பதும், மாலிப்டினம் இருப்பதைக் காட்டும் சோதனைத் துளிமருந்தை ஒரு துண்டில் இட்டுப் பார்ப்பதுமே வழி. வெல்டிங் செய்யும் குழாய்களுக்கு 316 எல் எனும் கார்பன் குறைந்த வகை ஏற்றது. ஆர்கான் வெல்டிங் முடிந்ததும் மூட்டைச் சுற்றி எழும் நீலமும் பொன்னிறமும் கலந்த வெப்பக்கறையை அமிலப் பசையால் நீக்கி மெருகேற்ற வேண்டும். அழகுக்காக அல்ல, துரு அங்கிருந்துதான் தொடங்கும் என்பதற்காக.

இவ்வழியின் உண்மையான சிக்கல் பட்டறையில் இல்லை, படகில் இருக்கிறது. படகின் டெக் எங்கும் சமதளமாக இருப்பதில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் வேறுபடுவது சாதாரணம். மிதக்கும் படகில் ரசமட்டம் பொய் சொல்லும் என்பதால், நீர்க்கோட்டையோ காக்பிட்டின் விளிம்பையோ அடிப்படையாகக் கொண்டு அளக்க வேண்டும். நல்ல பட்டறைக்காரர், குழாய்களைப் படகிலேயே நிறுத்திப் புள்ளிவெல்டிங் போட்டு, பிறகு கழற்றிக்கொண்டுபோய் முழுமையாக்குவார். அப்போது படகின் மின்கலங்களின் இணைப்பைக் கழற்றி, டெக்கையும் துணிகளையும் தீப்பொறி படாமல் மூடிவைக்க வேண்டும். அளவெடுத்துக்கொண்டு போய், முழுச்சட்டத்தையும் முடித்து எடுத்துவந்து பொருத்துகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்கத் தயங்குவேன். சட்டத்தை முன்பாதி, பின்பாதி என இரண்டாகப் பிரித்து, உட்குழாய் மூட்டில் போல்ட் போட்டு இணைக்கும்படி செய்தால், பின்னாளில் பாய்மரத்தை இறக்கும்போதோ படகை லாரியில் ஏற்றும்போதோ தலைவலி குறையும்.

கால் பதியும் இடத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். இவ்வகைப் படகுகளின் டெக் பெரும்பாலும் இரண்டு ஃபைபர்கிளாஸ் படலங்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. அதில் நேராகத் துளையிட்டு போல்ட் போட்டு முடுக்கினால் நடுமரம் நசுங்கும், பின் நீர் இறங்கி அழுகும். துளையைப் பெரிதாக இட்டு, உள்மரத்தைச் சுற்றிக் குடைந்தெடுத்து, எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே போல்ட் அளவுக்குத் துளையிடுவதே முறை. அடிப்பக்கத்தில் மேல்தகட்டைவிடப் பெரிய தாங்குதகடு வேண்டும். வாஷர் மட்டும் போதாது. தகட்டுக்கும் டெக்குக்கும் இடையே பியூட்டைல் எனும் ஒட்டும் ரப்பர் நாடா வைத்து, சில நாள் இடைவெளிவிட்டு இரண்டு மூன்று முறையாக முடுக்கினால் நீர்க்கசிவு வராது. காக்பிட்டின் பக்கத்திட்டுக்கு அடியில் கைபோகாத மூலை இருந்தால், காலின் இடத்தையே மாற்றுங்கள். எட்டாத நட்டுக்காக மரத்திருகைப் போட்டுச் சமாளிப்பது, சட்டம் முழுவதற்கும் செலவிட்ட பணத்தை அந்தத் திருகில் தொங்கவிடுவதாகும்.

அலுமினியம் எடைக்காகவா?

மூன்றாவது வழியைச் சுருக்கமாகவே பார்க்கலாம். அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வளைவை எதிர்க்கும் தன்மையைக் காட்டும் அதன் நெகிழ்வுக் கெழுவும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். எனவே சம விறைப்புக்குப் பருமனான குழாய் தேவை. 32 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் சுவரும் உள்ள அலுமினியக் குழாய், மேற்சொன்ன 25 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும், எடையில் கால்பங்கு குறையும். மொத்தச் சட்டத்தில் மிச்சமாவது ஆறு கிலோ. ஐந்தரை டன் படகில் இது பொருட்டே அல்ல.

அதற்கு ஈடாக வரும் தொல்லைகள் இரண்டு. 6061 போன்ற அலுமினியக் கலவைகள் வெப்பப் பதத்தால் வலுப்பெற்றவை. வெல்டிங்கின் வெப்பம் மூட்டுக்கு அருகே அந்த வலிமையில் பாதியளவைப் பறித்துவிடுகிறது. அடுத்து, அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் உப்புநீரின் துணையோடு அலுமினியம் கரையும். ஒவ்வொரு திருகிலும் டெஃப்ஜெல் அல்லது டியூராலாக் எனும் அரிப்புத்தடுப்புப் பசையைப் பூச வேண்டும், ஒன்றைக்கூட மறக்கக் கூடாது. கிளாம்ப் இணைப்புகளால் தாமே கட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும், படகே அலுமினியத்தால் ஆனவர்களுக்கும் இது பொருத்தம். மற்றவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை.

நிரந்தரக் கூரை

துணிக்குப் பதில் பலகை என்பது வேறு வகைத் தீர்மானம். 15 மில்லிமீட்டர் நுரைப்பலகையின் இருபுறமும் இரண்டிரண்டு படலம் கண்ணாடித்துணியும் பிசினும் இட்டால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ. 4 சதுர மீட்டருக்கு 24 கிலோ. ஒட்டுப்பலகையில் செய்தால் சற்றுக் கூடும். அதே பரப்புக்கு அக்ரிலிக் துணி ஒன்றரைக் கிலோகூட இல்லை. சட்டத்தோடு சேர்த்து மேலே ஐம்பது கிலோ ஏறுகிறதே, படகு கவிழுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. பழைய சட்டத்தைக் கழித்தால் கூடுவது சுமார் 40 கிலோ. அது படகின் எடைமையத்துக்கு இரண்டேகால் மீட்டர் மேலே நின்றாலும், ஐந்தரை டன் படகின் எடைமையம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்குள்தான் உயரும். கடலில் அதை உணர முடியாது. அஞ்ச வேண்டியது எடையை அல்ல, கழற்ற முடியாமையை.

அந்த அச்சம் இடத்தைப் பொறுத்தது. கரீபியன் கடலில் சூறாவளிக் காலத்தில் படகை விட்டுச்செல்பவர்கள் துணிகளையெல்லாம் கழற்றிக் காற்றுக்குப் பரப்பைக் குறைக்கிறார்கள். அங்கே பலகைக் கூரை ஒரு சுமை. லங்காவி வடக்கே ஆறு பாகைக்குச் சற்று மேல் அட்சரேகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகே வெப்பமண்டலப் புயல்கள் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் ஜொகூர் கரையைத் தொட்ட வாமேய் புயல், அந்த அரிய விலக்கு என்பதாலேயே நினைவுகூரப்படுகிறது. ஆகவே இங்கேயே தங்கியிருக்கும் படகுக்குப் பலகைக் கூரை நியாயமான தேர்வுதான். வங்கக் கடலைக் கடந்து அந்தமானுக்கோ இலங்கைக்கோ போகத் திட்டமிடுகிறவர் மட்டும் இரண்டாம் முறை யோசிக்க வேண்டும்.

அதன் நன்மைகள் குறைவல்ல. தகடுகளை மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு மேலே பொருத்தினால் அடியில் காற்றோடிச் சூடு தணியும். படிகச் சிலிக்கன் தகடு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 0.4 விழுக்காடு திறனை இழப்பதால் இது வெறும் நுணுக்கமன்று. விளிம்பில் ஒரு விரலளவு வரப்பு கட்டி, மூலையில் குழாய் வைத்தால், 10 மில்லிமீட்டர் மழையில் 40 லிட்டர் நன்னீர் கிடைக்கும். பாயைக் கட்ட மேலே ஏறலாம், மழையின் இரைச்சல் குறையும், தையல் பிய்வதில்லை. குறை, வேலைப்பளு: வார்ப்பு, தேய்ப்பு, சாயம் என வாரக்கணக்கில் இழுக்கும். கூலிக்குக் கொடுத்தால் நான்கிலும் விலை உயர்ந்தது இதுதான். வெளிர்நிறத்தைத் தவிர வேறு சாயம் பூசினால் அடியில் இருப்பவர்களுக்கு அனல் இறங்கும்.

எந்தக் கூரையானாலும் மாறாத அளவுகள்

நான்கு வழிகளுக்கும் பொதுவான தடை, பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பமான பூம். காக்பிட் தரையிலிருந்து கூரையின் அடிப்பாகம் 190 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் சுக்கானைப் பிடிப்பவர் நிமிர்ந்து நிற்க முடியும். பூமின் அடியிலிருந்து கூரைக்கு ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். பாய் விரிந்திருக்கும்போது பூம் உயரமாகத் தெரியும். பாயை இறக்கும்போது அது தாழ்ந்துவரும் என்பதால், மிகத் தாழ்ந்த நிலையில் அளக்க வேண்டும். பூமை இழுத்துப் பிடிக்கும் மெயின்ஷீட் கயிறு காக்பிட்டின் நடுவில் இறங்கும் படகுகளில் கூரையை முன்னும் பின்னுமாகப் பிளக்க வேண்டும், இல்லையேல் அந்தக் கயிற்றை அறைக்கூரைக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது வேலை தனிச் செலவு. பாய்மரத்தைப் பின்புறமிருந்து இழுத்துப் பிடிக்கும் பேக்ஸ்டே கம்பிக்குத் துணியில் ஜிப் வைத்த பிளவு போதும், பலகையில் அகலமான வெட்டு வேண்டும். பாயைப் பார்க்கச் சுக்கானுக்கு மேலே தெளிந்த வினைல் சன்னல் ஒன்றை மறக்கக் கூடாது.

துணியைப் பற்றி ஒரே ஒரு சொல். லங்காவியில் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அக்ரிலிக் துணி அதைப் பல ஆண்டுகள் தாங்கும், பாலியெஸ்டர் நூல் தாங்காது. விலை மிகுந்தாலும் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) நூலில் தைக்கச் சொல்லுங்கள். காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயிலைக் கூரை தடுப்பதில்லை என்பதால், பக்கத்திரைகளை மாட்ட ஒரு தடத்தைச் சட்டம் செய்யும்போதே சேர்த்துவிட வேண்டும்.

யாருக்கு எது

கண்ணாடித் தகடு வேண்டாம், மடக்கும் வசதி எப்போதேனும் தேவைப்படும், குழாய்களில் அரிப்பு இல்லை என்றால், முதல் வழியோடு நின்றுவிடுங்கள். அந்தத் திருத்தங்களைச் செய்து ஒரு பருவம் ஓட்டிப் பார்த்த பிறகும் போதவில்லை என்று தோன்றினால், எங்கே போதவில்லை என்பது அப்போது தெளிவாகத் தெரியும். புதுச் சட்டத்தின் வரைபடத்தில் பாதி அந்த அறிவிலிருந்தே வரும். வாங்கிய கிளாம்ப்கள் வீணாகிவிடும் என்று கவலைப்பட வேண்டாம், அவற்றை வேறு எங்காவது பயன்படுத்தலாம்.

இருநூறு வாட் தகடுகள் இரண்டைச் சுமக்க வேண்டும், படகிலேயே வசிக்கிறீர்கள், சட்டத்தைக் கைப்பிடியாக நம்ப விரும்புகிறீர்கள் என்றால் இரண்டாவது வழி. அதைக் கட்டும்போதே, பின்னாளில் பலகையை அமர்த்த ஏதுவாக நீளவாட்டுக் குழாய்களில் தட்டையான காதுகளை வெல்டிங் செய்துவைக்கச் சொல்லுங்கள். இப்போது துணியைப் போட்டு ஓட்டலாம், பின்னர் நேரமும் பணமும் கூடும்போது அதே சட்டத்தில் பலகையை ஏற்றலாம். நேராக நான்காவது வழிக்குத் தாவுவதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். கூரையின் உயரத்தையும் சாய்வையும் துணியோடு சோதித்துப் பார்த்த பிறகே அவற்றைப் பலகையில் நிரந்தரமாக்குவது பாதுகாப்பானது.

எந்த வழியானாலும், ஸ்டெயின்லெஸ் குழாய் வாங்குவதற்கு முன், நீர்க்குழாய்க் கடையில் கிடைக்கும் மலிவான பி.வி.சி. குழாயில் முழு அளவில் ஒரு மாதிரியைக் காக்பிட்டின்மேல் கயிற்றால் கட்டி நிறுத்துங்கள். பூமை இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சின் கைப்பிடியை முழுச் சுற்றுச் சுழற்றிப் பாருங்கள், சிறுபடகிலிருந்து பின்புறமாக ஏறிப் பாருங்கள். தலை எங்கே இடிக்கிறது, கை எங்கே குழாயைத் தேடுகிறது என்பதைக் குழாயிலேயே பேனாவால் குறித்துக்கொண்டு, அந்த மாதிரியோடு பட்டறைக்குப் போங்கள்.